தீர்ப்புச் சொல்லாத பஞ்சாயத்து

என் தங்கைக்குப் பேச்சு நின்றுபோன கதையை யாரிடம் ஆரம்பித்தாலும் உடனே 'ஐயோ பாவம்' என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் சிரித்த சிரிப்பை அதற்கு முன்பும் சிரித்ததில்லை, பின்பும் சிரித்ததில்லை. பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பயந்துகொண்டே வயிறு வலிக்கச் சிரிக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போ ஓரத்துப் புந்தோங்கில் பலகை வீடு. ஒரு நாள் காலையில் அம்மா தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "பாப்பா, உங்கப்பாவ பசியாற வரச் சொல்லு" என்றார். அப்பா அதே சமையலறையில்தான் இருந்தார். கையை நீட்டினால் அம்மாவின் முந்தானையைத் தொட்டுவிடும் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்பா தோசையையும் பார்த்தார், பாப்பாவையும் பார்த்தார். அழைப்பு முறைப்படி வந்து சேராததால் எழுந்திருக்கவில்லை. தோசை ஆறிப்போனது.

பாப்பா என்றால் கைக்குழந்தை என்று நினைக்க வேண்டாம். வயது பத்தொன்பது. கடைக்குட்டி என்பதால் வீட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கே ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவள். முந்தின நாள்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. இரண்டு மாதத்தில் போய் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். பேசினால் டீச்சர். பேசாவிட்டால் என்னைப்போல் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கலாம். அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

அப்பா அம்மா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. நாங்கள் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள். எழுபதுகளில் அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். எல்லாரும் மூட்டை கட்டினோம். அம்மாவிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போயிருந்த ஒரு காலை நேரத்தில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்பா அந்தப் பசுவை விற்றுவிட்டார். அம்மா திரும்பி வந்தபோது கட்டுத்தறி காலியாக இருந்தது. அன்றைக்கு அப்பாவிடம் பேச்சை நிறுத்தியவர்தான். அப்பா மட்டும் சளைத்தவரா? அவரும் நிறுத்திவிட்டார். புந்தோங்குக்கு வந்து, அப்பா கல்லுடைக்கும் இடத்தில் லோரி ஓட்டவும் அம்மா வீட்டில் முறுக்கு சுட்டு விற்கவும் ஆரம்பித்து எட்டொன்பது வருஷம் ஓடிவிட்டது. ஒரே கூரை, ஒரே பாய், ஒரே சட்டிச் சோறு. பேச்சு மட்டும் பிள்ளைகள் வழியாகத்தான்.

முதலில் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. எனக்கு ஒத்துவரவில்லை. 'ரசத்துல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு' என்றால், 'அதான் கேட்டுக்கிட்டே நிக்கிறாங்கள்ல, நான் வேற சொல்லணுமா' என்பேன். அண்ணன் கையில் கொடுத்தார்கள். அவன் பாதியை மறந்துவிடுவான், மீதியை மாற்றிச் சொல்வான். பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், தப்பித்தான். கடைசியில் பாப்பாவுக்கு வந்தது. அவள் கெட்டிக்காரி. 'உப்பு வேணும்னா அள்ளிப் போட்டுக்கச் சொல்லு, கையென்ன முறிஞ்சா போச்சு' என்று அம்மா சொன்னால், பாப்பா அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, உப்பு ஜாடி இந்தா இருக்கு" என்பாள். அம்மா சொன்னது அப்பா காதில் விழாமலா இருக்கும்? விழும். ஆனால் பாப்பா வழியாக வந்ததுதான் கணக்கு. அதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். அதிலிருந்து எங்கள் வீட்டில் பெரிய சண்டை வராததற்குக் காரணம் பாப்பாவின் நாக்குதான்.

அந்த நாக்கு நின்றுபோனது.

சும்மா நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணில் தண்ணீர் நின்றதே தவிர முனகல்கூட வரவில்லை. கோவிலில் திருநீறு போட்டார்கள், கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். சீன வைத்தியர் சீன்சே தன் கடையில் கருகருவென்று ஒரு கஷாயம் கொடுத்தார், அதைக் குடித்தவள் முகம் கோணிய கோணலில் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, இப்படியே விட்டால் தஞ்சோங் ரம்புத்தானில்தான் கொண்டுபோய் விடணும் என்றார். ஈப்போக்காரர்களுக்கு அந்த ஊர் பெயரைச் சொன்னாலே மனநல ஆஸ்பத்திரிதான். அம்மாவுக்கு வந்ததே கோபம். எண்ணெய்க் கரண்டியோடு வேலி வரைக்கும் போய்விட்டார். நான் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இதற்கிடையில் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். தூது போக ஆள் இல்லை. நான் வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் வருவேன். அதுவரை இரண்டு பேரும் சொல்ல வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்திருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தால் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. காலைத் தோசை கருகிய புகாரை அப்பா மாலையில் என்னிடம் தாக்கல் செய்வார். மத்தியானம் கூரை ஒழுகியதை அம்மா சொல்வார். நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. குடையைத் தரையில் குத்தி, எனக்குச் சம்பளம் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் நானும் ஊமையாகப் போகிறேன் என்று கத்தினேன். இரண்டு பேரும் பயந்துபோய்ப் பாப்பாவைப் பார்த்தார்கள். அவள் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சீன டாக்டர் ஒருவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார், குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு மலாய் மொழியில், வீட்டில் சண்டை சச்சரவு ஏதாவது உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த மலாயில் பெருமையாகச் சொன்னார். சண்டையெல்லாம் எங்கள் வீட்டில் கிடையவே கிடையாது டாக்டர், நானும் அவரும் பேசி ஒன்பது வருஷம் ஆச்சு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் ஒரு துண்டுத் தாளில் ஒரு முகவரி எழுதிக் கொடுத்து, அங்கே மனக் கஷ்டங்களைப் பார்க்கிற ஓர் அம்மா இருக்கிறார், போகும்போது வீட்டு ஆட்கள் எல்லாரும் போக வேண்டும், இந்தப் பெண்ணை மட்டும் தனியாக அனுப்பினால் அந்த அம்மா பார்க்க மாட்டார் என்றார்.

எல்லாரும் என்றதில்தான் வினை.

தோட்டத்தில் குடும்பத் தகராறு என்றால் கோவில் வாசலில் பஞ்சாயத்து கூடும். இரண்டு தரப்பும் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும். வெற்றிலை பாக்குத் தட்டு வைக்க வேண்டும். பெரியவர்கள் விசாரித்து, குற்றம் யார் மேல் என்று தீர்ப்புச் சொல்லி, அபராதம் போடுவார்கள். யாரோ படித்த அம்மா குடும்பத்தையே கூப்பிட்டு விசாரிக்கிறார் என்றதும் அப்பாவுக்கு அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. தன் தரப்புக்குப் பழைய தோட்டத்து மண்டோரைப் போய்ப் பிடித்துவந்தார். வெட்டுக்காரர்களை மேய்த்த பெரிய மீசைக்காரர். அம்மா விடுவாரா? ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடித் தொழிலில் இருந்த என் மாமாவுக்கு ஆள் அனுப்பினார். மாமா ஒரு மூட்டை கருவாட்டோடு வந்து இறங்கினார். வேன் ஒன்றை இரவல் வாங்கினோம். கருவாட்டு வாடை, மண்டோர் சுருட்டு வாடை, அம்மா மடியில் வெற்றிலைத் தட்டு, நடுவில் பாப்பா. வழியெல்லாம் மண்டோரும் மாமாவும் யார் முதலில் பேசுவது என்று தகராறு. நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே போனேன்.

ஈப்போவில் ஒரு பழைய மண்டபத்தின் பின்னறை அது. சனிக்கிழமைகளில் மட்டும் அந்த அம்மா அங்கே உட்காருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சீமையில் படித்தவர். நரைத்த கொண்டை, கண்ணாடி, வெள்ளைப் பருத்திச் சேலை. கதவைத் திறந்தவர் எங்கள் படையைப் பார்த்து ஒரு கணம் அசந்துபோனார். பிறகு பக்கத்து அறையிலிருந்து தானே நாற்காலி தூக்கிவந்து போட்டார். அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினார். அவர் மறுக்காமல் வாங்கி மேசையில் வைத்தார். மண்டோர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்து, இந்தச் சபைக்கு வணக்கம் என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா அவரை முழுவதும் பேசவிட்டார். மாமாவையும் பேசவிட்டார். மாட்டுக் கதை இரண்டு தரப்பிலும் ஓடியது. கேட்டு முடித்துவிட்டு, இந்த வீட்டில் ஒருவருக்கு இன்னொருவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கினோம். எனக்கு விளங்கவில்லை, செய்து காட்டுங்கோ என்றார் அந்த அம்மா. இன்று இரவு என்ன சமையல் என்பதைப் பேசிக் காட்டச் சொன்னார். அப்பா பாப்பாவைப் பார்த்து, இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லு என்றார். பாப்பா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னிடம், கத்திரிக்காய் வாங்கித் தந்தால் வைக்கலாம் என்று சொல்லச் சொன்னார். நான் திரும்பினேன். மாமா நடுவில் புகுந்து, கத்திரிக்காய் எதுக்கு, மாங்காய் போடு என்றார். ஒரு குழம்பு நாலு வாய் சுற்றி வந்து சேர்ந்தது. வீட்டில் தினமும் நடக்கிறதுதான். ஆனால் வேற்று அறையில், வேற்று மனுஷி முன்னால் செய்தபோது எனக்கே அது கூத்தாகத் தெரிந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. பாப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டோருக்குப் பொறுக்கவில்லை. குற்றம் யார் மேல், அபராதம் எவ்வளவு என்று கேட்டார்.

"தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது ஐயா. இந்தப் பிள்ளை பேசோணும். அதுக்கு இவையள் எல்லாரும் என்ன செய்யினம் எண்டுதான் நான் பார்க்கிறன்."

மண்டோர் சப்பென்று உட்கார்ந்தார். அடுத்த வாரம் வீட்டில் குடியிருக்கிறவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று அந்த அம்மா சொன்னார். திரும்பும் வழியில் வேனுக்குள் ஒரே புலம்பல். அபராதம் போடாத பஞ்சாயத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார் மண்டோர். ஆனாலும் அந்தம்மா தேத்தண்ணியோட கொடுத்த ரொட்டி நல்லா இருந்துச்சுலா என்றார் மாமா.

அடுத்த வாரம் நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம். அந்த அம்மா ஒரு வேலை கொடுத்தார். தினமும் மாலையில் அப்பாவும் அம்மாவும் கொஞ்ச நேரம், பிள்ளைகள் யாரும் நடுவில் இல்லாமல், நேருக்கு நேர் பேச வேண்டும். எதைப் பற்றி? பாப்பா கல்லூரிக்குப் போவதைப் பற்றி. அதோடு, பாப்பாவை யாரும் பேசு பேசு என்று பிடுங்கக் கூடாது. அவள் பேசாமல் இருக்கட்டும் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. தலைவலி என்று போனவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் காலில் கட்டுப் போடுகிற வைத்தியம் இது என்ன வைத்தியம் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபக்காரப் பிள்ளை நல்லது, எனக்கு உதவியாக இருக்கும் என்றார்.

வேலையை எங்கள் வீட்டார் செய்த லட்சணத்தைப் பாருங்கள். மாலையில் இரண்டு பேரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நானும் பாப்பாவும் அறைக்குள் போய்க் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா வானொலிப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியிடம், "பாப்பாவுக்கு ஒரு டிரங்குப் பெட்டி வாங்கணும்" என்றார். அம்மா அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியைப் பார்த்தார். கோழியிடம், "பழைய பெட்டி போதும், பூட்டு மட்டும் மாத்தினா சரி" என்றார். அப்பா வானொலியிடம், பழைய பெட்டியின் கீல் உடைந்திருக்கிறது என்றார். அம்மா கோழியிடம், கீலை மாற்ற ஆம்பளைக்குக் கை இல்லையா என்று கேட்டார். கோழி கொக்கரித்தது. பாப்பா வாயில் தலையணையை அழுத்திக்கொண்டு உருண்டாள். நானும் உருண்டேன். ஒரு வாரம் முழுக்க இந்தக் கூத்துதான் நடந்தது.

சனிக்கிழமை இதை நான் அந்த அம்மாவிடம் நடித்தே காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்து ஓய்ந்த பிறகு, சாதாரணமாக, விலைவாசி கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை தேர்வில் தேறிக் கல்லூரிக்குப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம், போன மறுநாள் காலையில் தோசை சுட்டதும் அம்மா யாரிடம் சொல்வார், யார் அப்பாவைப் பசியாறக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார்.

 அப்பா, பெரியவள் இருக்கிறாளே என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். நான் மாட்டேன், செத்தாலும் மாட்டேன், எனக்கும் வரன் பார்க்கிறார்கள், நானும் போய்விடுவேன் என்றேன். சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, தண்ணீர் மட்டும் கொட்டியது. அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. கல்லூரிக் கடிதம் வந்த மறுநாள் காலையில்தானே இவள் பேச்சு நின்றது. இவள் போய்விட்டால் இந்த இரண்டு பேரும் என்ன ஆவார்கள் என்ற பயம் இவள் தொண்டையை அடைத்துவிட்டது. போகவும் ஆசை, விட்டுப் போகவும் பயம். எங்கள் யாருக்கும் தெரியாமல், அவளுக்கே தெரியாமல், அவள் தொண்டை இங்கேயே இருந்துவிடு என்று முடிவு செய்திருக்கிறது.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எதுவும் செய்யத் தெரியவில்லை.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

"ஒராளை மட்டும் பார்த்தா ஒண்டும் விளங்காது பிள்ளை. ஆருக்கும் ஆருக்கும் நடுவில என்ன நடக்குது எண்டு பார்க்கோணும்."

அவ்வளவுதான் அவர் எனக்கு நடத்திய பாடம். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். ஊரில் எல்லாரும் இவள் வாயைத்தான் பார்த்தார்கள், நான் உட்பட. அந்த அம்மா ஒருவர்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கிடந்த அந்தச் சின்ன இடத்தைப் பார்த்தார்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். அந்தச் சனிக்கிழமையும் கிளம்பிப் போனோம். அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் வழக்கம்போல உட்கார்ந்தோம். அப்பா, பாப்பா, அம்மா, கோடியில் நான். அந்த அம்மா பாப்பாவின் கையைப் பிடித்து எழுப்பி, சன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என்னையும் அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நடுவில் காலியாகக் கிடந்த நாற்காலியை எடுத்து வெளியே வைத்தார். பிறகு அப்பாவின் நாற்காலியையும் அம்மாவின் நாற்காலியையும் திருப்பி முட்டி இடிக்கிற மாதிரி எதிரெதிரே போட்டார். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வானொலியும் இல்லை, கோழியும் இல்லை. அப்பா அம்மாவின் காதைப் பார்த்தார். அம்மா அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

ஒன்பது வருஷமாகக் கேட்காமல் இருக்கிற ஒரு கேள்வியை இப்போது கேட்கலாம் என்றார் அந்த அம்மா.  அம்மா பொத்தானிடம் ஆரம்பித்து, மெல்ல மெல்ல முகத்துக்கு வந்தார்.

"எம் மாட்ட விக்கையில என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் என்ன, அந்த வீட்டுல ஆளே இல்லையா?"

ஒரு தடவை திறந்துகொண்டதும் நிற்கவில்லை. கன்று ஈன்ற இரவிலிருந்து கட்டுத்தறி காலியாக இருந்த காலை வரை கொட்டித் தீர்த்தார்.  அப்பா வாயைத் திறந்தார், மூடினார். கழுத்தைத் திருப்பிச் சன்னல் பக்கம் பார்த்தார்.

"பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, மாட்ட நான்..."

"நீங்களே சொல்லுங்கப்பா."

யார் பேசியது என்று நான்தான் கடைசியாகப் புரிந்துகொண்டேன். குரல் துருப்பிடித்துக் கரகரவென்று இருந்தது. பாப்பா இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோ தன்னைக் கிள்ளிவிட்ட மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. அப்பாவைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்து, "கேட்டேன்" என்றார். பசுவைப் பற்றிக் கொட்டியதை விட்டுவிட்டால், அதுதான் அவர்கள் ஒன்பது வருஷத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, ஆட வேண்டும்போல் இருந்தது. அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பாப்பா பேசியது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல, ஐயா ஏதோ சொல்ல வந்தீர்கள், சொல்லுங்கோ என்றார். அப்பா சொன்னார். புந்தோங்கில் மாடு வைக்க இடமில்லை என்று முன்பே தெரிந்துவிட்டது. அம்மா கையால் அதை ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தாராம். அதனால் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, தானே கோப்பெங் வரைக்கும் நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு, தார்ச் சடக்கு ஓரத்தில் உட்கார்ந்து அழுதாராம். அம்மா அசையாமல் கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

பாப்பாவுக்குச் சிரிப்பு வெடித்தது. சத்தத்தோடு வந்த சிரிப்பு. அதைக் கேட்டு எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா எங்களை முறைத்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா மட்டும், நான் அழுததைச் சொன்னால் இவர்கள் சிரிக்கிறார்களே என்று அந்த அம்மாவிடம் முறையிட்டார். அவரிடம் சொல்லாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள் என்றார் அம்மா.

அதற்குப் பிறகு வீடு வீடாகவா இருந்தது? ஒன்பது வருஷத்துப் பாக்கி. காலையில் தோசையில் ஆரம்பித்தால் படுக்கும் வரை இரண்டு பேரும் நேருக்கு நேர் வாய் ஓயாமல் மல்லுக்கு நிற்பார்கள். பாப்பா நடுவில் இல்லாமல் உப்புக் கணக்கு தீர்ப்பதற்குள் ஜாடி உடைந்தது. வேலிக்கு மேலே தலையை நீட்டும் பக்கத்து வீட்டு அக்கா, இதுக்கு முன்னால இருந்ததே தேவலாம்லா என்றார். மண்டோர் ஒரு நாள் வந்து, சண்டையைத் தீர்க்கப் போனோமா, வாங்கப் போனோமா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் என் மாலை உத்தியோகத்திலிருந்து விடுபட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் என்னை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நிம்மதி.

பாப்பா தொண்டை கரகரப்போடுதான் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எல்லாம் கேட்டார்கள் என்றாள், எல்லாம் சொன்னேன் என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இடம் கிடைத்த செய்தி வந்த மறுநாள் காலையில் நான் அவளுக்கு முன்பே எழுந்து, அவள் படுக்கையருகில் உட்கார்ந்து காத்திருந்தேன். கண்ணைத் திறந்தவள், என்னக்கா பேய் மாதிரி உட்கார்ந்திருக்கே என்றாள். சந்தோஷத்தில் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

கிளம்பும் நாளில் ஈப்போ பஸ் நிலையத்தில் ஒரே கூட்டம். பெட்டியைப் பஸ்ஸின் மேல் ஏற்றுவதா, காலடியில் வைப்பதா என்று அப்பாவும் அம்மாவும் ஆரம்பித்தார்கள். மேலே வைத்தால் மழை வரும் என்றார் அம்மா. வானத்தைப் பார், எங்கே மழை என்றார் அப்பா. போன வருஷமும் இப்படித்தான் சொன்னீர்கள் என்றார் அம்மா. போன வருஷம் நாம் பேசவே இல்லையே என்றார் அப்பா. அது அப்படியே வளர்ந்தது. பெட்டியைக் கண்டக்டர் பாட்டுக்கு எடுத்துக் காலடியில் வைத்துவிட்டார். பாப்பா ஏறிச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் உறுமியது. இவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, அப்பா, அம்மா, போய்ட்டு வாரேன் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் காதில் விழவில்லை. எனக்குத் தாங்கவில்லை. பெற்ற பிள்ளை ஊரைவிட்டுப் போகிறது, திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படி என்ன பேச்சு. அவர்கள் தோளைப் பிடித்துத் திருப்பலாம் என்று ஓரடி எடுத்துவைத்தேன். நகர ஆரம்பித்த பஸ்ஸிலிருந்து பாப்பா என்னைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"கூப்பிடாதக்கா. பேசட்டும், விடு."